ஒரே காலில் இரண்டு நோய்: ஒரு புரோட்டா மாஸ்டரின் கணுக்கால் புண்

"நரம்பு சுருட்டுப் புண்ணு சார்" என்று நோயின் பெயரைத் தானே சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார். வயது 61. தென் மாவட்டம் ஒன்றில், பைபாஸ் ஓரத்து ஹோட்டலில் 30 வருஷத்துக்கு மேலாகப் புரோட்டா மாஸ்டர். சாயங்காலம் 4 மணிக்குக் கல்லைப் பற்றவைத்தால் இரவு 1 மணி வரை நின்ற இடத்தை விட்டு நகர மாட்டார். இடது கணுக்கால் மொழிக்குச் சற்று மேலே, உட்பக்கமாக, 4 செ.மீ.க்கு 3 செ.மீ. அளவில் புண். 7 மாதமாக ஆறவில்லை. அவர் யாரென்று தெரிய வேண்டாம் என்பதற்காக ஊரையும் ஓரிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். காலில் எதையும் மாற்றவில்லை.

நோய் ஒன்றும் அபூர்வமில்லை. ஆனால் முதல் தடவை அவரைப் பார்த்தபோது நான் பாதி நோயைத்தான் பார்த்தேன். அந்தப் பாதிக்குக் கொடுத்த சரியான வைத்தியம், மீதிப் பாதியைக் கெடுத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வருகை

பாடப்புத்தகத்துப் படம் மாதிரி ஒரு கால். தொடையின் உட்புறத்திலிருந்து ஆடுசதை வரை சிரைகள் மண்புழு சுருண்டதுபோலப் புடைத்திருந்தன. புண்ணைச் சுற்றித் தோல் புகையிலைக் கறை நிறத்தில் கறுத்து, தொட்டால் மரப்பட்டையாக இறுகியிருந்தது. கணுக்காலுக்கு மேலே ஒடுங்கி ஆடுசதைப் பக்கம் அகன்று, பாட்டிலைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருந்தது. புண் ஆழமில்லை, ஓரம் சரிவாக இறங்கியது, நீர் கசிந்துகொண்டே இருந்தது. சுகர் 12 வருஷமாக. மாத்திரை நினைத்தால் போடுவார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.8. பீடி, நாளுக்கு ஒரு கட்டு.

"வெனஸ் டாப்ளர்" என்று சீட்டு எழுதினேன், சிரைகளில் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் ஸ்கேன். ரிப்போர்ட் வந்தது. தொடை இடுக்கில் பெரிய மேல்சிரை ஆழ்சிரையோடு சேரும் இடத்தில் வால்வு கெட்டு ரத்தம் கீழ்நோக்கித் திரும்புகிறது. அந்தச் சிரையின் விட்டம் 8 மி.மீ. புண்ணுக்கு அடியில் இரண்டு இணைப்புச் சிரைகளிலும் இதே கோளாறு. ஆழ்சிரைகளில் ரத்தக்கட்டி இல்லை. அந்த ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் கேட்டதற்கு அது பதில் சொன்னது. கேட்காததற்கு அது எப்படிச் சொல்லும்?

சிரைப் புண் எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தமனி கொண்டுவந்த ரத்தத்தைத் திரும்ப மேலே ஏற்றுவது சிரையின் வேலை. சும்மா நிற்கிற மனிதனின் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம் இருக்கும், இதயம் வரை நிற்கிற ரத்தத் தூணின் எடை அது. நடக்கும்போது ஆடுசதை சிரைகளைப் பிழிகிறது, மேலே போன ரத்தம் விழுந்துவிடாமல் வால்வுகள் பிடித்துக்கொள்கின்றன, அழுத்தம் 30க்குக் கீழே இறங்குகிறது. நம் மாஸ்டர் நடப்பதே இல்லை, நிற்கிறார். அதனால் பம்பு ஓடுவதில்லை. வால்வும் போய்விட்டதால் எப்போதாவது நடந்தாலும் அழுத்தம் இறங்காது. வருஷக்கணக்கில் இப்படியே இருந்தால் சிவப்பணுக்கள் நுண்குழாய்களிலிருந்து தோலுக்குள் கசிகின்றன. அவற்றின் இரும்புதான் அந்தப் புகையிலைக் கறை. அப்படிக் கெட்ட தோலில் கொசுக்கடியைச் சொறிந்தாலே போதும், அது புண்ணாக நின்றுவிடும்.

இதற்கு மருந்தைவிட முக்கியம் கட்டுதான். கணுக்காலில் சுமார் 40 மி.மீ. அழுத்தம் வருகிற மாதிரி, பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கமாகச் சுற்றுகிற கட்டு. வெளியிலிருந்து அமுக்கினால் கசிவு குறையும், சிரை சுருங்கும். அதைத்தான் செய்தேன். ராத்திரி இரண்டு தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுக்கச் சொன்னேன். வேலைக்கு லீவு. வாரம் ஒருமுறை புண் கட்ட வர வேண்டும்.

கேஸ் ஷீட்டில் "பாத நாடி: உள்ளது" என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான். வீங்கிய பாதத்தில், வெளியே 40 பேர் காத்திருக்கும் அவசரத்தில், என் விரல் நுனியின் துடிப்பையே அவருடைய துடிப்பாக எண்ணியிருக்க வேண்டும். இந்தத் தொழிலில் பழைய தவறு இது. விரலை அழுத்தி வைத்தால் நம் நாடியே நமக்குத் தெரியும். ஒரு கையால் அவர் பாதத்தையும் இன்னொரு கையால் நம் மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

நரம்பு என்ற சொல்

நடுவில் ஒரு விஷயம். நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். கையில் சிரை வழியாகப் போடுவது நரம்பு ஊசி. காலில் புடைப்பது நரம்பு சுருட்டு. முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி நரம்பு வலி. ராத்திரி ஆடுசதை பிடித்துக்கொண்டால் நரம்பு இழுக்கிறது. பாடப்புத்தகத்தில் சிரை, தமனி, நரம்பு என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. வாசலுக்கு வெளியே ஒன்றுதான். நோயாளி "நரம்பு" என்று சொன்னால் அது அழுக்கு ரத்தம் ஏறும் குழாயா, நல்ல ரத்தம் இறங்கும் குழாயா, உணர்ச்சியைக் கடத்தும் நரம்பா என்று தோண்டிக் கேட்பது நம் பொறுப்பு. அவரிடம் குறையில்லை.

தோண்டாவிட்டால் என்ன ஆகும்? ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் பொசுக்கென்று வீங்கி ஆடுசதை வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் கட்டியிருக்கலாம். அதை எண்ணெய் போட்டு நீவிவிட்டால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். திடீரென்று கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்து, விரல் அசைக்க முடியாமல் போனால் தமனி அடைத்திருக்கிறது. சுமார் 6 மணி நேரத்துக்குள் திறக்காவிட்டால் சதை செத்துப்போகும். இரண்டு வீட்டிலும் "நரம்பு பிசகியிருக்கு" என்று காலையில் பார்த்துக்கொள்ளலாமென இருந்துவிடுகிறார்கள். 40 வயதுகூட ஆகாத பீடி, சிகரெட் ஆசாமிக்கு விரல் நுனி கறுத்தால் அது இன்னொரு கதை. 1908இல் நியூயார்க்கில் லியோ புர்கர் விவரித்த நோய் அது. நம் நாட்டில் இன்றும் நிறைய. அதற்கு முதல் மருந்து புகையை அடியோடு விடுவது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, மாஸ்டரிடம் வருவோம்.

இரண்டாம் வருகை

9 நாள் கழித்து மனைவியோடு வந்தார். அந்த அம்மாவுக்கு என்னிடம் புகார் கொடுக்க வேண்டியிருந்தது.

"நீங்க சொன்ன மாதிரி ரெண்டு தலகாணி வச்சுத்தான் டாக்டர் படுக்க வைக்கிறேன். நடுராத்திரி முழிச்சுப் பாத்தா, தலகாணியத் தட்டி விட்டுட்டுக் கட்டில் ஓரத்துல காலைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்காரு. கட்டையும் அவுக்கப் பாக்குறாரு. நீங்களே கேளுங்க."

அவர் தப்பு செய்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். "தொங்கப்போட்டாத்தான் சார் அடங்குது. மேல தூக்கினா விரலெல்லாம் நெருப்புல வச்ச மாதிரி இருக்கு."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தேன். சிரை நோயாளிக்குக் காலைத் தூக்கினால் சுகம், தொங்கவிட்டால் கனம். இவருக்குத் தலைகீழாக இருக்கிறது. தொங்கவிடும்போது சுகமாக இருக்கிறதென்றால், கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பின் தயவில்தான் பாதத்துக்கு ரத்தம் போகிறது என்று அர்த்தம். மருத்துவர் சொன்னதைக் கேட்காமல் அவர் தலையணையைத் தட்டிவிட்டதுதான் அந்த 9 நாளில் அந்தக் காலுக்கு நடந்த நல்ல காரியம்.

கட்டை அவிழ்த்தோம். இரண்டாம் விரலின் நுனியில் மிளகு அளவுக்குக் கறுப்பு. போன தடவை அது இல்லை. கணைக்கால் எலும்பின் முன்விளிம்பில் கட்டு அழுந்திய இடம் கன்றியிருந்தது. பாதம் சில்லென்றிருந்தது. "அதான் வென்னீர் ஒத்தடம் கொடுக்கட்டுமான்னு கேட்டேன், இவர் வேணாம்னுட்டாரு" என்றார் மனைவி. அதுவும் நல்லதாகப் போயிற்று. சுகரில் உணர்ச்சி குறைந்த பாதத்தில் சூடு தெரியாமல் வெந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

படுக்கவைத்து இரண்டு காலையும் 45 டிகிரிக்குத் தூக்கிப் பிடித்தேன். வெளிநாட்டுப் புத்தகங்களில் தோல் வெளுக்கிறது என்று படம் போட்டிருக்கும். நம் தோலில் புறங்காலைப் பார்த்துப் புண்ணியமில்லை. உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிஷம் ஆவதற்குள் இடது உள்ளங்கால் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. வலது அப்படியே இருந்தது. எழுந்து உட்கார்ந்து தொங்கவிட்டதும் இடது பாதம் மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாக ஏறியது. நாடிகளை இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தேன். இடது தொடை இடுக்கில் நன்றாகத் துடித்தது. முழங்காலுக்குப் பின்னால் இல்லை. பாதத்தின் மேலே இல்லை, உட்கணுக்காலுக்குப் பின்னாலும் இல்லை.

"நடந்தா ஆடுசதை வலிக்குமா அண்ணாச்சி?"

"இல்லையே சார்."

"பஸ் ஸ்டாப்புல இறங்கிக் கடை வரைக்கும் நிக்காம வந்துருவீங்களா?"

"நடுவுல நின்னு ஒரு பீடி பத்த வைப்பேன்."

"ஒண்ணா?"

கொஞ்சம் யோசித்தார். "இப்ப மூணு. முன்னெல்லாம் கடைக்கு வந்துதான் பத்த வைப்பேன்."

பஸ் ஸ்டாப்புக்கும் கடைக்கும் அரை கிலோமீட்டர்கூட இருக்காது. தமனி சுருங்கியவர்களுக்குக் கொஞ்ச தூரம் நடந்ததும் ஆடுசதை பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். வலிக்கிறதே என்று நிற்பதை ஒப்புக்கொள்ள மனசில்லாமல் கடைகளை வேடிக்கை பார்ப்பதுபோல நிற்பார்களாம். ஜெர்மன்காரர்கள் இதற்குக் 'கடைக்கண்ணாடி நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மாஸ்டருக்குக் கண்ணாடிக்குப் பதில் பீடி. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

கணுக்காலில் பிபி பார்ப்பது

இதற்குப் பெரிய ஸ்கேன் எதுவும் முதலில் வேண்டாம். சாதாரண பிபி பட்டையும், பேனா அளவு முனையுள்ள கை டாப்ளர் கருவியும் போதும். பட்டையைக் கணுக்காலுக்கு மேல் சுற்றி, பாதத்தில் ஜெல் தடவி, முனையை வைத்துத் தேட வேண்டும். நல்ல தமனி என்றால் 'டப்-டுப்' என்று உதைத்துக்கொண்டு கேட்கும். இவருடைய இடது பாதத்தில் தூரத்தில் காற்று வீசுவதுபோல 'உஷ்... உஷ்...' மட்டும். பட்டையைக் காற்றடித்து அந்தச் சத்தம் நின்று, இறக்கும்போது மறுபடி எந்த அளவில் வருகிறது என்று பார்த்தோம்.

கையில் 148. வலது கணுக்காலில் 122. இடது கணுக்காலில் 66.

கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் வலது 0.82, இடது 0.45. நல்ல காலில் இது 1ஐ ஒட்டி இருக்கும், 0.9க்குக் கீழே போனால் தமனி நோய். 0.8க்கு மேல் இருந்தால்தான் முழு அழுத்தக் கட்டு போடலாம். 0.5க்கும் 0.8க்கும் நடுவில் என்றால் தளர்வாக, மிகுந்த கவனத்தோடு. 0.5க்குக் கீழே அழுத்தக் கட்டு கூடாது. சுகர் உள்ளவர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து பட்டைக்கு மசியாமல் இருக்கும்; அதனால் உண்மையை விட அதிகமாகக் காட்டவும் வாய்ப்புண்டு. ஆக, இந்த 0.45கூட உபசாரத்துக்குச் சொன்ன எண்ணாக இருக்கலாம்.

தோலின் நுண்குழாய்களுக்கு வருகிற ரத்தமே சொற்ப அழுத்தத்தில் வருகிறது. அதன்மேல் நான் 40 மி.மீ. இறுக்கத்தில் கட்டு போட்டு, போதாக்குறைக்குக் காலை மேலே தூக்கியும் வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு வாரம் அவர் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் விரல்களோடு நின்றிருக்குமா என்று தெரியவில்லை. கட்டு போட்டது தப்பு, இந்தக் கறுப்புக்கு அதற்கும் பங்கு உண்டு என்று அவர்கள் இருவரிடமும் சொன்னேன். மாஸ்டர் "பரவாயில்ல சார்" என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

குழாயைத் திறப்பது

பெரிய மருத்துவமனையின் ரத்தநாள அறுவைப் பிரிவுக்கு அன்றே அனுப்பினேன். அங்கே தமனிகளுக்கும் சேர்த்து டாப்ளர், அப்புறம் சிறுநீரகம் தாங்கும் என்று பார்த்துக்கொண்டு சிடி ஆஞ்சியோ. தொடைத் தமனியின் கீழ்ப்பகுதியில் 6 செ.மீ. நீளத்துக்கு முழு அடைப்பு. முழங்காலுக்குக் கீழே மூன்று தமனிகளில் ஒன்று நன்றாகப் பாதம் வரை போகிறது. மற்ற இரண்டும் சுமார். காலில் தமனி அடைத்தவருக்கு இதயத்திலும் மூளையிலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின், இன்சுலின் தொடங்கின.

அடைப்பைச் சுற்றி மாற்று வழி போடும் பைபாஸா, அடைப்புக்குள்ளேயே ஊதி அகலமாக்கும் பலூனா என்பது இந்தத் துறையில் இன்னும் முடியாத வழக்கு. காலில் நல்ல மேல்சிரை இருந்தால் அதையே எடுத்து வைத்து பைபாஸ் செய்வது முந்துகிறது என்று 2022இல் வந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு சொன்னது. மறு வருஷமே வந்த பாசில்-2, முழங்காலுக்குக் கீழ்த் தமனிகளைச் சரிசெய்ய வேண்டியவர்களிடம் பலூனை முதலில் செய்வதே மேல் என்றது. நம்மவருக்கு அந்த யோசனை நீளவில்லை. இடது மேல்சிரைதான் 8 மி.மீ.க்கு உப்பிச் சுருண்டு கிடக்கிறதே, பைபாஸுக்கு அது உதவாது. அடைப்பும் குட்டை. எனவே பலூன்.

வலது தொடை இடுக்கில் மரப்பு ஊசி போட்டு, அங்கிருந்து மெல்லிய கம்பியை மேலே ஏற்றி, வயிற்றுப் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தைத் தாண்டி, இடது பக்கம் இறக்கினார்கள். அடைப்புக்குள் கம்பி நுழைய அரை மணிக்கு மேல் ஆனது. அப்புறம் 5 மி.மீ. பலூன், மூன்று நிமிஷம். ஸ்டென்ட் வைக்கத் தேவைப்படவில்லை.

இந்த வித்தையின் முதல் நோயாளியும் இதே தொடைத் தமனிக்காரர்தான். 1964 ஜனவரி 16, அமெரிக்காவில் போர்ட்லாந்து. 82 வயது மூதாட்டி, இடது கால் விரல்கள் அழுகிவிட்டன, காலை எடுக்க வேண்டும் என்கிறார்கள், முடியவே முடியாது என்கிறார். சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே மருத்துவர், பலூன்கூட இல்லாத காலத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பொருந்தும் டெஃப்லான் குழாய்களை நுழைத்தே சுருக்கத்தை அகலமாக்கினார். பாதம் சூடானது, கால் தப்பியது. பலூனை ஆண்ட்ரியாஸ் கிரூன்ட்சிக் சூரிச்சில் கொண்டுவந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1974இல். இதயத்துக்கு அது போனது 1977இல். பலூன் சிகிச்சை என்றாலே இதயம் என்று நினைக்கிறோம், அது பழகியதெல்லாம் காலில்தான்.

மாஸ்டருக்கு மறுநாள் எடுத்த விகிதம் 0.86. "எப்படி இருக்கு?" என்று போனில் கேட்டேன். "நேத்து நீட்டிப் படுத்துத் தூங்கினேன் சார்" என்றார்.

இப்போது சிரை

ரத்தம் வந்துவிட்டது, புண் ஆறிவிடும் என்று நினைத்தால் ஆறாது. புண்ணைக் கொண்டுவந்தது சிரை. தமனி அதை ஆறவிடாமல் வைத்திருந்தது. இனி முதல் வருகையில் செய்ததையே செய்ய வேண்டும், இந்தத் தடவை அளந்து. இரண்டு வாரம் பொறுத்து, 20 மி.மீ. அளவில் தளர்வான கட்டு. விரல் நிறத்தை மனைவி தினமும் பார்த்துச் சொல்வார் என்று ஏற்பாடு. ஐந்தாவது வாரம் முழு அழுத்தக் கட்டு. ஏழாவது வாரம் இரண்டாம் விரலின் கறுத்த நுனி காய்ந்து தானாகவே உதிர்ந்தது, சதைக்குச் சேதமில்லை.

எட்டாவது வாரம் கெட்ட மேல்சிரையை லேசரால் உள்ளிருந்தே சுட்டு மூடினார்கள். புண்ணுக்கு அடியில் இருந்த சின்னச் சிரைகளுக்கு, அவற்றை மூடவைக்கும் நுரை ஊசி. வெறும் சிரைப் புண் என்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 450 பேரை வைத்து நடந்த, 2018இல் வெளியான ஈவ்ரா ஆய்வில், சிரையைச் சீக்கிரமே மூடியவர்களுக்குப் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 56 நாள், தள்ளிப் போட்டவர்களுக்கு 82 நாள். கட்டு போட்டே ஆற்றிவிடலாமே, எதற்கு லேசர் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆற்றலாம், ஆனால் திரும்ப வரும். 2004இல் வந்த எஸ்கார் ஆய்வில், கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் புண் மறுபடி வந்தது. சிரை அறுவையும் செய்தவர்களில் 12 சதவீதம்.

அந்தச் சமயத்தில் மகன் கேட்டார்: "வலது கால்லயும் லேசா நரம்பு தெரியுது சார், ஒரே செலவா அதையும் லேசர் பண்ணிடலாமா?" அறுவை மருத்துவர் மறுத்துவிட்டார். வலது மேல்சிரை 3.5 மி.மீ., நேராக, ஆரோக்கியமாக இருக்கிறது. நாளைக்கு இந்தக் காலுக்கோ இதயத்துக்கோ பைபாஸ் தேவைப்பட்டால் அதுதான் கையிருப்பு. பார்ப்பதற்கு அழகாக இல்லை என்று அதைச் சுட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது. லேசர் மையங்களின் விளம்பரப் பலகை எந்தச் சந்தியில் பார்த்தாலும் இருக்கிறது. தமனி நோய் உள்ளவர் 'இந்தச் சிரை நாளைக்கு பைபாஸுக்கு வேண்டியிருக்குமா?' என்று கேட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

பதினாறாவது வாரம் புண் முழுசாக மூடியது.

அப்புறம்

அழுத்தக் காலுறைதான் பெரிய போராட்டம். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே மாட்ட வேண்டும். இறங்கிவிட்டால் கால் வீங்கிவிடும், ஏறாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும், தளர்ந்துவிடும். இதையெல்லாம் குளிர்தேசத்துக்காரர்கள் எழுதிவைத்தார்கள். புரோட்டாக் கல்லுக்கு முன்னால், சித்திரை மாதத்தில், முழங்கால் வரை இறுக்கமான காலுறை போட்டு நின்று பார்த்தால்தான் தெரியும். பேரம் பேசி ஒரு வழிக்கு வந்தோம். கல் பக்கம் நிற்பதை 4 மணி நேரமாகக் குறைத்துக்கொள்வது, மாவு பிசைவதும் வீச்சும் மற்ற பையன்கள். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து உருண்டை பிடிப்பார். நிற்கும்போதெல்லாம் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும், பம்பு ஓடுவதற்கு. வீட்டில் இருக்கும் நாளில் முக்கால் மணி நேரம் நடை: வலிக்கும் வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது.

9 மாதத்தில் வந்தபோது புண் இருந்த இடம் பளபளவென்று மூடியே இருந்தது. இடது விகிதம் 0.74. டாப்ளரில் பலூன் செய்த இடத்தின் மேல்முனையில் மறுபடி சுருக்கம் தெரிகிறது. தொடைத் தமனியில் ஒரு வருஷத்துக்குள் இப்படி ஆவது சகஜம். வலி இல்லை, புண் இல்லை, அதனால் இப்போதைக்கு மறுபடி பலூன் வேண்டாம். மூன்று மாதத்தில் திரும்ப அளப்பது என்று முடிவு. விகிதம் 0.8க்குக் கீழே வந்துவிட்டதால் காலுறையை ஒரு படி இறக்கி, லேசானதாக எழுதிக் கொடுத்தேன்.

"பீடி?" என்று கேட்டேன்.

"விட்டாச்சு சார். எப்பவாவது ஒண்ணு ரெண்டு."

மனைவி என்னைப் பார்க்கவில்லை, அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார். "பஸ் ஸ்டாப்புலேருந்து கடைக்கு எத்தனை?" என்று மாற்றிக் கேட்டேன். வலது கையில் ஒரு விரலைக் காட்டினார்.